தலைக்கு மேலே ஒரு ஜம்போ

கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. வடக்குப் பாதி பிரான்சுக்கு, தெற்குப் பாதி நெதர்லாந்து முடியாட்சிக்கு. தெற்குப் பாதியான சின்ட் மார்ட்டினில் இளவரசி ஜூலியானா பெயரில் ஒரு விமான நிலையம். அதன் ஓடுபாதை மேற்கே எங்கே முடிகிறதோ அங்கே ஒரு வேலி. வேலியை ஒட்டி ஒரு குறுகிய சாலை. சாலையைத் தாண்டினால் கொஞ்சம் மணல், அப்புறம் கடல். அந்த மணலுக்கு மஹோ கடற்கரை என்று பெயர். குளிக்க வருகிறவர்களுக்குச் சமமாக அண்ணாந்து பார்க்க வருகிறவர்களும் அங்கே உண்டு. பக்கத்து மதுக்கடையில் ஒரு சர்ஃப் பலகையை நிமிர்த்தி வைத்து, இன்றைக்கு எந்த விமானம் எத்தனை மணிக்கு என்று எழுதிப் போடுகிறார்கள்.

2016 வரை கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 ஜம்போ ஜெட் ஆம்ஸ்டர்டாமிலிருந்து அங்கே வந்துகொண்டிருந்தது. ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு 64 மீட்டர். அது கடல் மேலாக வந்து, நீச்சல் உடையில் நிற்பவர்களின் தலைக்கு மேல் சில மாடி உயரத்தில் பாய்ந்து, வேலியைத் தாண்டிச் சக்கரம் பதிக்கும் படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்ததும் ஒட்டுவேலை என்று சந்தேகப்படாதவர்கள் அதைவிடக் குறைவு. ஒட்டுவேலை இல்லை, அத்தனையும் நிஜம்.

அந்த விமானி சாகசம் எதுவும் செய்யவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. உலகத்தில் பெரும்பாலான ஓடுபாதைகளுக்கு விமானங்கள் 3 டிகிரி சரிவில் இறங்குகின்றன. 3 டிகிரி என்பது கண்ணுக்குச் சரிவாகவே தெரியாத சரிவு. ஒரு கிலோமீட்டர் முன்னேறினால் 52 மீட்டர் இறக்கம், அவ்வளவுதான். இந்தக் கோட்டில் வரும் விமானம் ஓடுபாதையின் முனையை ஏறக்குறைய 50 அடி, அதாவது 15 மீட்டர் உயரத்தில் கடக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மீனம்பாக்கத்திலும் அதேதான், மதுரையிலும் அதேதான். மற்ற ஊர்களில் அந்த முனைக்கு முன்னால் பல நூறு மீட்டருக்குப் புல்வெளியும் வேலியும் காவலும் இருப்பதால் அந்த 50 அடியின் கீழே நிற்க நமக்கு வாய்ப்பில்லை. மஹோவில் விமானம் தாழ்ந்து வரவில்லை; மனிதர்கள் கிட்டே போய் நிற்கிறார்கள். ஓடுபாதை சுமார் 2,300 மீட்டர்தான் நீளம் என்பதால் பெரிய விமானங்கள் தொடக்கத்திலேயே தரை தொட்டுவிடப் பார்க்கும். தாமதித்தால் மறுமுனையில் நிற்க இடம் போதாது.

சரி, விதிப்படி நடக்கும் ஒரு சாதாரணத் தரையிறக்கம் ஏன் அடிவயிற்றைக் கலக்குகிறது?

முதலில் கண். 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஜம்போ ஜெட், நம் கண்ணில் பிடிக்கும் இடம் வானத்தில் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. முழுநிலவு அரை டிகிரி. அதாவது 400 பேரைச் சுமந்துகொண்டு போகும் அந்த யந்திரம் நிலவைவிடச் சிறிசு. நாம் விமானத்தை வாழ்நாள் முழுக்க இந்த அளவில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். இப்போது அதே விமானம் விநாடிக்கு 75 மீட்டர் வேகத்தில், மணிக்கு 270 கிலோமீட்டர், நேராக உங்களை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400 மீட்டர் தூரத்தில் அதன் அகலம் ஒன்றரை டிகிரி. மூன்று நிலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி. அது இரட்டிப்பாக, அதாவது 3 டிகிரியாக, 16 விநாடி ஆகும். பதினாறு விநாடி என்பது நிற்கும் கூட்டத்துக்கு நீண்ட நேரம். விமானம் அந்தரத்தில் தொங்குவது போலவே இருக்கும், யாரோ ஒருவர் கேமராவைச் சரிசெய்துகொண்டிருப்பார். அடுத்த இரட்டிப்புக்கு 8 விநாடி. அதற்கடுத்தது 4. அப்புறம் 2. அப்புறம் ஒரே விநாடியில் 24 டிகிரியாக இருந்தது 46 டிகிரி ஆகிறது. தலைக்கு மேலே வரும்போது இறக்கை மட்டுமே 110 டிகிரிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். வானம் என்று ஒன்று மிச்சமிருக்காது.

வேகம் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்திலிருந்து கடைசி வரை அதே 75 மீட்டர். மாறியது உருவம் வளரும் வேகம் மட்டும். அந்த வளர்ச்சியை அளக்க மூளைக்குள் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் ஷிஃப், கேவினஸ், கிப்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் குரங்குகளுக்கு முன்னால் ஒரு திரையைக் கட்டி, அதில் ஒரு நிழலைச் சட்டென்று பெரிதாக்கிக் காட்டினார்கள். வெறும் நிழல். குரங்குகள் துள்ளிப் பின்வாங்கின. அதே நிழலைச் சுருக்கிக் காட்டியபோது அப்படிப் பயப்படவில்லை. பெரிதாகிக்கொண்டே வருவது என்ன பொருள் என்று விசாரிப்பதற்குள் உடம்பு ஒதுங்கத் தயாராகிவிடுகிறது. பாயும் புலியிடமிருந்தும் எறிந்த கல்லிலிருந்தும் தப்பிக்க உருவான ஏற்பாடு அது, ஐ.எல்.எஸ். எனும் தரையிறக்க வழிகாட்டி என்றால் என்ன, 3 டிகிரி சரிவு என்றால் என்ன என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

கணக்கில் இன்னொரு குளறுபடியும் உண்டு. பெரிய பொருள்கள் உண்மையான வேகத்தைவிட மெதுவாக நகர்வது போலத் தோன்றும். ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற உளவியலாளர் 1985இல் ரயில்வே கிராசிங் விபத்துகளை ஆராயும்போது இதைச் சுட்டிக்காட்டினார்: ரயில் பெரிசு, அதனால் மெதுவாக வருவதாக ஓட்டுநர் தப்புக்கணக்குப் போடுகிறார். ஜம்போவும் அப்படித்தான் ஏமாற்றுகிறது. தூரத்தில் மிதப்பது போல் வந்தது, கிட்டே வந்ததும் மின்னலாகி விடுகிறது. 20 மீட்டர் உயரத்தில் நேர்மேலே கடக்கும்போது அதன் கோணவேகம் விநாடிக்கு 200 டிகிரியைத் தாண்டும். மனிதக் கண் வழுக்கலாகப் பின்தொடரக்கூடிய வேகம் அதில் பாதியைத் தாண்டாது. ஆகவே யாரும் விமானத்தை முழுசாகப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் கண்ணில் விழும்: நான்கு தொகுதிகளாகத் தொங்கும் 16 சக்கரங்கள், வயிற்றுத் தகடுகளில் வரிசையாகப் போகும் ஆணித் தலைகள், எண்ணெய் ஒழுகி உலர்ந்த கறை. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் இரத்தத்தில் ஏறி வேலை செய்யச் சில விநாடிகள் பிடிக்கும். விமானம் அதற்குள் வேலியைத் தாண்டியிருக்கும். அந்தக் கடற்கரைக் காணொளிகளில் கத்தலும் கைதட்டலும் எப்போதும் விமானம் போன பிறகே எழுவதற்குக் காரணம் இதுதான் என்பது என் ஊகம்.

பரங்கிமலை உச்சியில் போய் நின்றால் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதை விரிந்து தெரியும். விமானங்கள் இறங்குவதைப் பக்கவாட்டில் நிம்மதியாகப் பார்க்கலாம். அழகான காட்சிதான். ஆனால் நெஞ்சு படபடக்காது. பக்கவாட்டில் போகும் பொருள் அப்படி இரட்டிப்பதில்லை. அதனால் மூளையின் அந்தப் பழைய காவலாளி எழுந்திருப்பதே இல்லை.

அடுத்தது காது. உயரே போகும் விமானத்தின் ஒலி நம்மை அடைய அரை நிமிடம் ஆகிறது. சத்தம் வரும் திசையில் தேடினால் விமானம் அங்கே இருக்காது, வெகுதூரம் முன்னால் போயிருக்கும். அதோடு, வழியிலேயே காற்று உச்சஸ்தாயி ஒலிகளை விழுங்கிவிடுவதால் மிஞ்சுவது மந்தமான உறுமல். 20 மீட்டரில் இந்த இரண்டும் நடப்பதில்லை. பார்ப்பதும் கேட்பதும் ஒரே கணத்தில், ஒரே இடத்திலிருந்து வருகின்றன. விசிறி அலகுகளின் கிரீச்சலும் முழுசாகக் காதில் விழும். இறங்கும்போது என்ஜின்கள் முழு விசையில் ஓடுவதில்லை. சத்தத்தில் கணிசமான பங்கு நீட்டிய சக்கரங்களையும் இறக்கி விட்ட மடல்களையும் கிழித்துக்கொண்டு போகும் காற்றினுடையது.

சங்கீதம் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். விமானம் நெருங்கும்போது ஒலியின் அதிர்வெண் கூடியும் விலகும்போது குறைந்தும் கேட்கும் டாப்ளர் விளைவு பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். விநாடிக்கு 75 மீட்டர் வேகத்துக்கு இந்த இரண்டு ஸ்வரங்களுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1.56. ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் விகிதம் 1.5. ஆக, தலையைக் கடக்கும் அந்த அரை விநாடியில் என்ஜின் கிரீச்சல் பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்கும் சற்றுக் கீழே சறுக்கி விழுகிறது. உயரப் பறக்கும் விமானத்திலும் ஒலி இப்படி இறங்கத்தான் செய்யும். ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு இறங்குவதால் நமக்கு உறைப்பதில்லை.

விமானம் போய்ச் சில விநாடி கழித்து, அமைதியான நாளில், இன்னொரு சத்தமும் கேட்கும். துணியைக் கிழிப்பது போன்ற, சாட்டையைச் சுழற்றுவது போன்ற ஒரு சீறல், ஆளில்லாத வானத்திலிருந்து. இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் இரண்டு காற்றுச் சுழல்கள் கீழே இறங்கும் ஓசை அது. இதைப் பற்றிப் பிறகு.

மனிதர்கள் விமானத்தைத் தேடிப் போகும் இடம் மஹோ. விமானங்கள் மனிதர்களுக்கு நடுவே வந்த இடம் ஹாங்காங்கின் காய் டாக். 1925லிருந்து 1998 வரை ஓடிய நிலையம். வடக்கே மலைத்தொடர், அதில் 495 மீட்டர் உயரச் சிங்கப்பாறை. மலையடிவாரத்திலிருந்து ஓடுபாதை வரை நெருக்கியடித்த கௌலூன் குடியிருப்புகள். கடலைத் தூர்த்துப் போட்ட ஒற்றை ஓடுபாதை வளைகுடாவுக்குள் நீண்டிருந்தது. கடைசிக் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 3 கோடிப் பயணிகளை இந்த ஒரு பாதை தாங்கியது.

மேற்கிலிருந்து 13ஆம் எண் ஓடுபாதையில் இறங்க வேண்டுமென்றால் நேர்க்கோட்டில் வர முடியாது, மலை மறிக்கும். எனவே 1974இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மற்ற ஊர்களில் வழிகாட்டும் ரேடியோக் கற்றை ஓடுபாதையை நோக்கி அழைத்துப் போகும். காய் டாக்கில் அது ஒரு குன்றை நோக்கி அழைத்துப் போகும். குன்றின் முகத்தில் சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் வரைந்திருந்தார்கள். விமானி அந்தக் கட்டங்கள் தெளிவாகத் தெரியும் வரை குன்றை நோக்கியே இறங்குவார். தெரிந்ததும் கருவியை விட்டுக் கண்ணை நம்பி, கையால் ஓட்டி, வலப்பக்கம் 47 டிகிரி திரும்புவார். கட்டம் தெரியவில்லை என்றால் மேலே ஏறிப் போய்விட வேண்டும், வாதத்துக்கு இடமில்லை.

திருப்பம் சுமார் 650 அடியில் தொடங்கும். 25 டிகிரி சாய்ந்து திரும்பும் ஜம்போவுக்கு அந்த வளைவு ஒரு கிலோமீட்டர் நீளம். 14 விநாடி வேலை. நேராகி முடிக்கும்போது பலசமயம் 200 அடிகூட இருக்காது. இங்கேதான் ஒரு சின்னக் கோணக்கணிதம் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. இறக்கையின் ஒரு பக்கம் 32 மீட்டர். 25 டிகிரி சாய்ந்தால் உள்பக்க நுனி விமானத்தின் நடுப்பகுதியைவிட 13 மீட்டர் தாழ்ந்துவிடும். நான்கு மாடி உயரம்! விமானியின் உயரமானி என்ன காட்டினாலும், மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவருக்கு அந்த நுனிதான் கணக்கு. காய் டாக்கில் இறங்கிய விமானங்களின் சக்கரத்தில் மூங்கில் கழியும் சட்டையும் மாட்டியிருந்தன என்ற கதையை ஹாங்காங்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கதைதான்.

நகரமே அந்த 14 விநாடிக்காகத் தன்னை அடக்கிக்கொண்டது. வழிகாட்டும் விளக்குகளைக் குடியிருப்புகளின் கூரைமேல் நட்டார்கள். நியான் பலகைகளுக்குப் பேர்போன ஊரில், பாதையை ஒட்டிய இடங்களில் மின்னி மின்னி அணையும் பலகைகளுக்குத் தடை. விமானி அதை ஓடுபாதை விளக்கு என்று நினைத்துவிடக் கூடாதே! கௌலூன் மதில் நகரம் என்ற குடியிருப்பில் எந்தச் சட்டமும் செல்லுபடியாகாது என்பார்கள்; ஆனால் அங்கேயும் கட்டிடங்கள் பதிமூன்று பதினான்கு மாடியோடு நின்றன. மேலே விமானங்கள் போயின.

இப்படிப்பட்ட இடத்தில் கட்டிடத்தின் மேல் எத்தனை விமானங்கள் மோதியிருக்கும்? பயணிகள் ஜெட் ஒன்றுகூட கௌலூன் வீடுகளின் மேல் விழவில்லை. காய் டாக்கின் பயணிகள் ஜெட் விபத்துகள் கடல் பக்கம் நடந்தவை. 1988 ஆகஸ்ட் 31 அன்று சீனாவின் ட்ரைடென்ட் விமானம் ஒன்று, எந்தத் திருப்பமும் இல்லாத எதிர்முனையில், மழைமூட்டத்தில் நேராக வந்து இறங்கும்போது விளக்குகளில் இடித்துத் தண்ணீரில் விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். 1993 நவம்பர் 4 அன்று சைனா ஏர்லைன்ஸ் 747 புயற்காற்றில் சதுரங்கத் திருப்பத்தை முடித்து ஓடுபாதையைத் தொட்டது. திரும்பியதில் பிரச்சினை இல்லை; நிறுத்துவதில்தான் பிரச்சினை. ஓடுபாதையின் கடைசியில் கடலுக்குள் போய் உட்கார்ந்தது. 396 பேரும் பிழைத்தார்கள். தண்ணீருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த அதன் வால் ரேடியோ அலைகளைக் குழப்பியதால் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது.

பார்ப்பவருக்கு உயிர் போகும் இடம் திருப்பம். விமானிக்கும் அது தெரியும் என்பதால், அங்கே அவர் முழுக் கவனத்தோடு இருந்தார். பயிற்சி, விதி, விளக்கு எல்லாம் அங்கேதான் குவிந்திருந்தன. ஆபத்து தன் வேலையை வேறு இடத்தில் பார்த்தது.

கட்டிடங்களுக்கும் விமானங்களுக்கும் இடையே எல்லா ஊரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளம் இருக்கிறது. சர்வதேச விதிப்படி, கருவி உதவியோடு இறங்கும் பெரிய ஓடுபாதைகளுக்கு, முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தொடங்கி முதல் 3 கிலோமீட்டருக்கு 2 சதவீதச் சரிவில் அது உயர்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு எதுவும் எழக் கூடாது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அனுமதி சுமார் 19 மீட்டர், ஆறு மாடி. அதே இடத்தில் 3 டிகிரியில் வரும் விமானம் 67 மீட்டரில் இருக்கும். நடுவே 48 மீட்டர் வெற்றிடம். குன்றத்தூர், பல்லாவரம் பக்கம் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்றுக்கு (என்.ஓ.சி.) அலைவது இந்தச் சாய்தளத்துக்காகத்தான். தலையை உரசுவதாக மொட்டைமாடியில் நமக்குத் தோன்றும் விமானம் உண்மையில் பதினைந்து மாடி இடைவெளி விட்டுப் போகிறது.

அப்படியானால் மஹோவில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, எதிர்ப்பக்கம் பார்த்தால். தரையிறங்கும் விமானத்தை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். புறப்படும் விமானம் அதே வேலிக்கு மிக அருகே முதுகைக் காட்டி நிற்கிறது. குட்டையான பாதை, எதிரே மலை, எனவே பிரேக்கை அழுத்திக்கொண்டே என்ஜினை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் ஓடத் தொடங்கும். இரண்டு ஜெட் என்ஜின்கள் தள்ளும் சூடான காற்று வேலியைத் தாண்டிச் சாலைக்கும் மணலுக்கும் பாய்கிறது. மணல் தோட்டாவாகிறது, குடையும் செருப்பும் கடலுக்குப் போகின்றன. இதற்கு உருவம் கிடையாது, இரட்டிப்பதும் கிடையாது. ஆகவே மூளைக்குள் எந்த மணியும் அடிக்காது. வேலியைப் பிடித்துக்கொண்டு காற்றில் கால் பறக்க நிற்பதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். 2017 ஜூலையில் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் தூக்கியெறியப்பட்டு, தலையில் அடிபட்டு இறந்தார். உயிர் போகும் என்று படம் போட்டு எச்சரிக்கும் பலகை அதே வேலியில் தொங்குகிறது. அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

நம் மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று நடந்ததையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். விமானப்படையின் சாகசத்தைப் பார்க்க லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். ரஃபேலும் தேஜஸும் தலைக்கு மேல் சீறின; அவற்றால் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வெயில் தாக்கி 5 பேர் இறந்தார்கள்.

துணி கிழிவது போன்ற அந்தச் சீறலுக்கு வருவோம். இறக்கையின் அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனியில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு, கிடைமட்டமான இரண்டு சூறாவளிகளாகப் பின்னால் நீள்கிறது. விமானம் எவ்வளவு கனமோ, எவ்வளவு மெதுவோ, சுழல் அவ்வளவு வலுவானது. தரையிறங்கும் ஜம்போ இரண்டுமே. விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் அவை கீழே இறங்கும். ஜம்போவுக்குப் பின்னால் சிறிய விமானம் வந்தால் 11 கிலோமீட்டர் வரை இடைவெளி விடச் சொல்வது இதற்காகத்தான். லண்டன் ஹீத்ரோவைச் சுற்றியுள்ள வீடுகளில் இந்தச் சுழல்கள் கூரை ஓடுகளைப் பெயர்த்துப் போடுவதுண்டு. விமானம் கடந்து, சத்தமும் ஓய்ந்த பிறகு, ஓடு தானாக எழும்பிச் சரியும். சேதத்தைச் சரிசெய்யவும், பாதிக்கக்கூடிய வீடுகளின் கூரையை இறுக்கிக் கட்டித்தரவும் விமான நிலையமே ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

உண்மையிலேயே அளவுக்கு மீறித் தாழ்வாகப் பறந்த ஒரு விமானத்தைத் தேடினால் கரீபியனுக்குப் போக வேண்டியதில்லை, திருச்சி போதும். 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவாக்கில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 ஒன்று 130 பயணிகளோடு துபாய்க்குப் புறப்பட்டது. போதிய உயரம் எழும்பாமல், ஓடுபாதைக் கடைசியில் இருந்த ஐ.எல்.எஸ். ஆன்டெனாவை இடித்து, சுற்றுச்சுவரின் மேல்பகுதியைத் தட்டிவிட்டுப் போனது. வேடிக்கை பார்க்க அங்கே கூட்டம் இல்லை, கைதட்டலும் இல்லை. எல்லாக் கருவியும் சரியாக வேலை செய்கிறது என்று விமானிகள் சொன்னார்கள். விமானம் அரபிக்கடலுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. சுவர் உடைந்திருப்பதைத் தரையில் பார்த்த பிறகுதான் அதை மும்பைக்குத் திருப்பினார்கள். விடியற்காலை பத்திரமாக இறங்கியது. பயணிகளை இறக்கிவிட்டுக் கீழே போய்ப் பார்த்தால் விமானத்தின் அடிவயிறு கிழிந்திருந்தது.